சூனியக்காரிக்குச் சாட்சி

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குப் பகல் ரயிலில் போவதென்றால் பதின்மூன்று மணி நேரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று பொருள். இந்தப் பாதையில் எனக்கு அது இரண்டாவது பயணம். முதல் முறை ஒரு கட்டுரை எழுதப் போனேன். இந்த முறை, அந்தக் கட்டுரையில் அச்சானது பொய் என்று நீதிமன்றத்தில் சொல்லப் போனேன்.

எதிர் இருக்கையில் நீலத் தொப்பி வைத்த ஓர் அம்மாள் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். என்ன வேலையாகப் போகிறேன் என்று கேட்டார். ஒரு வழக்கில் சாட்சி சொல்ல என்றேன்.

"கொலையா?" என்றார், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"இல்லை. ஒரு பெண்மணி. தன்னைச் சூனியக்காரி என்று சொல்லிக்கொள்கிறவர். அவருடைய ஆறு வயதுப் பெண்ணை அவரிடமிருந்து எடுத்துவிடப் பார்க்கிறார்கள்."

ஊசி நின்றது. "என் தங்கை தேநீர்க் கோப்பையின் வண்டலைப் பார்த்துக் குறி சொல்வாள். ஆனால் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்" என்றார். அதன் பிறகு மெல்பர்ன் வரை அவர் என்னிடம் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

வழியில் ஓர் இடத்தில் ஆடுகள் தண்டவாளத்தில் ஏறிக்கொண்டு நகர மறுத்தன. ஒன்றரை மணி நேரம் நின்றோம். "அதுங்ககிட்டே டிக்கெட் இருக்கான்னு கேளுங்கப்பா" என்று ஒருவர் ஜன்னல் வழியாகக் கத்தினார். சாப்பாட்டுப் பெட்டியில் ஆட்டுக்கறி வைத்துச் சுட்ட 'பை' மட்டும் இருந்தது. உப்பு இல்லை, உறைப்பு இல்லை, தக்காளிச் சாறு மட்டும் ஏராளம். இத்தனை ஆட்டை வைத்துக்கொண்டு ஒரு குழம்பு வைக்கத் தெரியாத தேசம்.

எமர்ஜென்சி போய், பத்திரிகைகள் இனி இஷ்டத்துக்கு எழுதலாம் என்று வந்திருந்த வருஷம் அது. ஆசியப் பத்திரிகையாளர்களுக்கான ஆறு மாதப் பயிற்சிக்காக நான் சிட்னியில் இருந்தேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கூடாது என்று காலை வகுப்பில் கற்பித்தார்கள். சென்னையில் என் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் கடிதத்தில் இப்படிக் கேட்டிருந்தார்: "வெள்ளைக்காரன் சூனியம் பற்றி ஒன்று அனுப்பவும். படம் அவசியம்."

மெல்பர்னில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். துரைராசா, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவர். "என்ர கந்தோரில பக்கத்துக் கதிரையில ஆலன் எண்டு ஒருத்தன். அவனை விட்டுட்டுப் போன மனுசி சூனியக்காரியாம். மலையில இருக்கிறா. விலாசம் கேட்டுத் தாறன்" என்றார். அப்படித்தான் மே மாதத் தொடக்கத்தில் மார்கரெட்டின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஒரு பள்ளிக்கூட நூலகர். நாற்பது வயதிருக்கும். ரப்பர் பூட்சும் மழைக்கோட்டும் போட்டிருந்தார். மத்தியானம் மூன்று மணி. தோட்டத்து ஆப்பிள் மரத்தடியில் ஐந்து பெண்களும் ஒரு பிளம்பரும் நின்றார்கள். அன்று அவர்களுக்கு இறந்தோர் நாள். புல்லில் ஒரு காலி நாற்காலி. அதன் முன் தட்டில் பழக் கேக், அந்த ஆண்டு இறந்துபோன ஒருவருடைய மூக்குக்கண்ணாடி. எல்லோரும் தம்தம் வீட்டில் போனவர்களின் பெயரைச் சொன்னார்கள். வீட்டில் செய்த கறுப்பு பெர்ரிச் சாற்றை மார்கரெட் மரத்தின் வேரில் ஊற்றினார். மகள் எல்லி அதில் விரலைத் தோய்த்து நெற்றியில் வைத்துக்கொண்டு, மீதியை நக்கினாள். பிறகு மழை வந்தது. உள்ளே போய்த் தேநீர் குடித்தார்கள். மகாளய அமாவாசையில் காக்காய்க்குச் சோறு வைக்கிறவனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

மார்கரெட் சொன்ன விஷயங்களில் என்னை யோசிக்க வைத்தது அவர்களுடைய காலண்டர். இங்கிலாந்திலிருந்து வரும் புத்தகங்களில் இறந்தோர் நாள் அக்டோபர் கடைசி. அங்கே அப்போது இலை உதிர்காலம். மெல்பர்னிலோ ஆப்பிள் பூக்கிற பருவம்.

"மூன்று வருஷம் பூக்களுக்கு நடுவே நின்று செத்தவர்களைக் கூப்பிட்டோம். மரம் எங்களைப் பார்த்துச் சிரித்தது. காலண்டரைத் தலைகீழாக்கினோம்" என்றார். "அடுத்து, வட்டமாகச் சுற்றி வருவது. புத்தகத்தில் வலமாகச் சுற்று என்று இருக்கிறது. இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது, இடமாகத்தான் சுற்ற வேண்டும் என்றேன். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது இந்த மலையில் இரண்டு கூட்டம். பேச்சு வார்த்தை கிடையாது."

யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போனவர்களின் நாட்டுக்காரன் நான். எனக்குச் சிரிக்க உரிமை இல்லை. ஆனாலும் சிரித்தேன். மார்கரெட்டும் சிரித்தார்.

ஆனால் அவர் யோசித்த அளவுக்கு எங்களவர்கள் யோசிக்கவில்லை என்பதைப் பிறகு பார்த்தேன். ஆகஸ்டில் சிட்னித் தமிழர்கள் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஆற்றங்கரையில் ஆடிப்பெருக்கு கொண்டாடினோம். எலும்பைத் துளைக்கும் குளிர். புதுவெள்ளம் வராத ஆறு. ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக்கொண்டு எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். நாள் தப்பாக இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

"இந்த மண்ணுக்கென்றே கதைகள் இல்லையா?" என்று மார்கரெட்டைக் கேட்டேன்.

"நிறைய இருக்கிறது. இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்குச் சொந்தமானவை. நிலத்தை எடுத்துக்கொண்டோம். கதையையும் எடுக்க மனம் வரவில்லை. அதனால் நான் பார்த்தேயிராத ஒரு நாட்டின் கதைகளை வைத்துக் காலம் தள்ளுகிறேன். உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. உங்கள் ஊரில் தெய்வங்கள் சாகவே இல்லை."

படம் எடுத்துக்கொள்ளத் தயங்கினார். ஆலன் எல்லியைக் கேட்டு வழக்குப் போடலாம் என்று பேச்சு இருந்தது. "தமிழில்தான் வரும். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு பஸ்ஸில் அடங்குவார்கள்" என்றேன். தாயும் மகளும் மரத்தடியில் நின்றார்கள். எடுத்தேன். அந்த பஸ்ஸில் ஒருவர் மார்கரெட்டின் கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அவர் தந்த விலாசத்தை வைத்துத்தான் அங்கே வந்திருந்தேன்.

கட்டுரை ஜூலையில் வந்தது. மத்தியானம் நள்ளிரவு ஆகியிருந்தது. மழைக்கோட்டுகள் காணாமல் போயிருந்தன. ஓவியர் தலைவிரி கோலமாக ஒரு பெண்ணைப் போட்டிருந்தார். பெர்ரிச் சாறு, கழுத்தறுத்த சேவலின் ரத்தமாகியிருந்தது. குழந்தை அதை நெற்றியில் பூசிக்கொண்டு நாவால் நக்கியது. நெற்றியும் நக்கியதும் மட்டும் நான் எழுதியவை. கீழே என் பெயர். எனக்கு அதிர்ச்சியில்லை. வெளியூர் நிருபர்கள் அனுப்பும் செய்திகளுக்கு அதே மேஜையில் பதினொரு வருஷம் நானும் இதைத்தான் செய்தேன்.

மார்கரெட்டின் வழக்கறிஞர் சாட்சிக்குக் கூப்பிட, இந்த முறை மெல்பர்னில் இறங்கியபோது இரவு. துரைராசா வீட்டில் அவர் மனைவி புட்டு அவித்திருந்தார். பாக்கெட்டில் வரும் உலர்ந்த தேங்காய்த் துருவலை வெந்நீரில் ஊறவைத்துப் போட்ட புட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து பால்மா டின்னில் வந்த தூள் போட்ட குழம்பு. "தம்பி, இன்னும் கொஞ்சம் சம்பல் போடட்டோ? ரெயிலில என்னத்தைச் சாப்பிட்டியளோ" என்று அவர் கேட்டபோதுதான் எனக்குப் பசி தெரிந்தது.

துரைராசா சாப்பிடவில்லை. ஆலன் தரப்புக்குக் கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்தவர் அவர். மறுநாளைக்கு அடுத்த நாள் அவரும் கோர்ட்டுக்கு வர வேண்டும்.

"தேத்தண்ணி நேரத்தில, 'இஞ்ச பார், உன்ர மனுசியும் பிள்ளையும் எங்கட பேப்பரில வந்திருக்கினம்' எண்டு காட்டினனான். சந்தோசப்படுவான் எண்டு நினைச்சன். என்ன எழுதியிருக்கு எண்டு கேட்டான். வாசிச்சுச் சொன்னன். கோழி வெட்டின இடம் வரேக்க நானே அந்த வரியை ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்தனான்."

"அங்கேயே நிறுத்தியிருக்கலாமே சார்?"

"அவன்ர முகம் மாறீட்டுது. நிப்பாட்டினால் மறைக்கிறன் எண்டு நினைக்க மாட்டானோ? உள்ளதைத்தான் மொழிபெயர்த்தனான், தம்பி. ஒரு சொல்லுக் கூட்டேல்லை."

"கூட்டியது எங்கள் ஆபீஸில்."

"அதைக் கோட்டில சொல்லுங்கோ. ஆனால்" என்றவர் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எங்கட ஆக்களும் கோழி வெட்டுறவை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. இவங்கள் எங்களை என்னண்டு நினைப்பாங்கள்? சைவத்தில அப்பிடி ஒண்டும் இல்லை."

அவர்கள் வீட்டுச் சாமி அறை ஓர் அலமாரி. முருகன், பிள்ளையார், ஒரு சின்ன விளக்கு. வெள்ளைக்காரர்கள் விருந்துக்கு வந்தால் கதவைச் சாத்திவிடுவார்களாம். துரைராசாவின் மனைவி அதைச் சொல்லிச் சிரித்தார். துரைராசா சிரிக்கவில்லை.

புதன்கிழமை மார்கரெட்டைப் பார்க்க மலைக்குப் போனேன். டிராமில் திசை மாறி ஏறி, கண்டக்டர் அம்மாள் "கண்ணு, நீ கடலுக்குப் போறே, மலைக்கு இல்லை" என்று சொன்னதும் இறங்கி, ரயில் பிடித்து, மலையடிவாரத்தில் பஸ்ஸைக் கண்ணெதிரே தவறவிட்டு, இரண்டு மைல் மழையில் நடந்தேன். சாலையோரம் முழுக்க வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. செப்டம்பர், அவர்களுக்கு வசந்தம்.

எல்லி கதவைத் திறந்தாள். கோர்ட்டிலிருந்து ஓர் அதிகாரி வந்து வீட்டைச் சோதித்துப் போன கதையை உடனே சொன்னாள். "அந்த ஆன்ட்டி என் கட்டிலுக்கு அடியிலே பார்த்தாங்க. அங்கே பூதம் இல்லை, நான் ஏற்கெனவே பார்த்துட்டேன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

சமையலறை அலமாரியில் இருந்த சீசாக்களையும் அந்த அதிகாரி திறந்து பார்த்தாராம். "இது எதற்கு என்று ரோஸ்மேரியைக் காட்டிக் கேட்டார். ஆட்டுக்கறிக்கு என்றேன். நம்பவில்லை" என்றார் மார்கரெட்.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஈரக் கோட்டை வாங்கி அடுப்பருகே போட்டார். ரொட்டியும் பூசணிக்காய் சூப்பும் வைத்தார். சூப்பில் மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவிக்கொள்ளச் சொன்னார்.

"உங்கள் கட்டுரையின் மொழிபெயர்ப்பைப் படித்தேன். நல்ல கதை. அதில் நான் இல்லாமல் இருந்தால் ரசித்திருப்பேன்."

"மன்னிப்புக் கேட்க வந்தேன்."

"மன்னிப்பை நான் என்ன செய்வது? அதை நீதிபதியிடம் கொடுக்க முடியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள். எதையும் கூட்டாதீர்கள், எதையும் மறைக்காதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். அது போதும் எனக்கு." பிறகு, மகள் காதில் விழாதபடி, "அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாருக்கு ரொட்டி சுடுவது?" என்றார்.

வியாழக்கிழமை நீதிமன்றம். குடும்ப வழக்கு, வெளியாருக்கு அனுமதியில்லை. சாட்சிகள் தாழ்வாரத்தில் மரப் பெஞ்சில் காத்திருந்தோம். பெஞ்சின் ஒரு கோடியில் ஆலன். உயரமான, களைத்த மனிதர். கெட்டவராகத் தெரியவில்லை. எல்லியின் சிவப்புக் கம்பளிக் குல்லாய் ஒன்றைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். முதலில் போன துரைராசாவை உள்ளேயே உட்கார வைத்துக்கொண்டார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். எந்தப் புத்தகத்தின் மேல் சத்தியம் செய்கிறீர்கள் என்று குமாஸ்தா கேட்டார். பைபிள் இருந்தது. வேறு இல்லை. புத்தகம் இல்லாமலே உறுதிமொழி சொன்னேன். ஆலனின் வழக்கறிஞர் அதைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

மார்கரெட்டின் வழக்கறிஞர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மத்தியானம், மழைக்கோட்டு, பெர்ரிச் சாறு. ரத்தம் இல்லை, சேவல் இல்லை. அதன்பின் மற்றவர் எழுந்தார். கையில் பத்திரிகை. மெல்பர்னுக்கு வரும் ஒரே பிரதி அது. ஒன்பது வீடு சுற்றும். படித்து முடித்தவர் அட்டையில் சுருக்கொப்பம் போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அங்குள்ள தமிழர்களின் ஏற்பாடு.

"இந்தக் குறிகள் என்ன? ஏதாவது மந்திரமா?"

"படித்தவர்களின் கையெழுத்து."

"அப்படியானால் ஒன்பது குடும்பங்கள் இதைப் படித்திருக்கின்றன. கீழே உங்கள் பெயர். மறுப்பு அனுப்பினீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

"எங்கள் பத்திரிகையில் மறுப்பு போடுவதில்லை."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"உங்கள் குடும்பத்தில் தெய்வத்துக்குப் பலி கொடுப்பது உண்டா?"

துரைராசாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்கரெட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்டு. என் மனைவி வீட்டுக் குலதெய்வத்துக்குச் சேவல்."

"குழந்தைகளின் முன்னிலையிலா?"

"குழந்தைகளுக்காகவே செய்வது. என் மகளுக்கு விஷக்காய்ச்சல் தீர்ந்தபோது செய்தோம். அவளும் இருந்தாள்."

"கடைசிக் கேள்வி. அன்று அந்தத் தோட்டத்தில் மகள் முன்னால் இவர் ஒரு சேவலை அறுத்திருந்தால், உங்களுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்குமா?"

நான் யோசித்தேன்.

"இருந்திருக்காது" என்றேன்.

"நன்றி" என்று அவர் உட்கார்ந்துகொண்டார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. சேவலை அறுத்தாலும் அது கவனத்தில் பதியாத ஒரு மனிதன், அறுக்கவில்லை என்று வந்து சொல்கிறான். அந்தச் சாட்சிக்கு என்ன மதிப்பு? நான் நீதிபதியின் நாற்காலியில் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வெளியே படிக்கட்டில் துரைராசா என்னைப் பிடித்துக்கொண்டார். "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லியிருக்கலாமே, தம்பி."

"கேட்டதற்குத்தான் சொன்னேன்."

"ஞாபகமில்லை எண்டாவது சொல்லியிருக்கலாம். நாளைக்கு நான் அவனுக்குப் பக்கத்தில போய் இருக்கவேணும். கந்தோர் முழுக்கத் தெரிஞ்சிடும். எங்கட வீட்டிலயும் கோழி வெட்டுறதோ எண்டு கேப்பாங்கள்." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "போட்டு வாறன்" என்று, போய் வருவதாக அவர் வழக்கமாகச் சொல்லும் சொல்லைச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டிராம் நிறுத்தத்துக்கு நடந்தார். அன்று இரவு நான் ஒரு மலிவான விடுதியில் தங்கினேன்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தீர்ப்பு. எல்லி அப்பாவிடம் இருப்பாள். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு அம்மாவிடம் வரலாம். அந்த இரண்டு நாட்களில் குழந்தையின் முன்னிலையில் எந்தச் சடங்கும் கூடாது. சடங்குக்காக நெருப்பு, விளக்கு, மெழுகுவர்த்தி எதையும் ஏற்றக் கூடாது. எதையும் மண்ணில் ஊற்றக் கூடாது. மீறினால் அந்த இரண்டு நாளும் போகும்.

மார்கரெட்டின் வழக்கறிஞர் தாழ்வாரத்தில் நின்று அதை ஒரு முறைக்கு இரு முறை படித்துக் காட்டினார். மார்கரெட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் எட்டடி தள்ளி நின்றேன். போகலாமா, நிற்கலாமா என்று தெரியவில்லை.

"அவள் முதலில் வருவது எப்போது?" என்றார் மார்கரெட்.

"அடுத்த மாதம், இரண்டாவது சனிக்கிழமை."

"அன்றைக்கு அவளுக்கு ஏழு வயது ஆகிறது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கேக்கில் மெழுகுவர்த்தி வைப்பேனே."

வழக்கறிஞர் காகிதத்தை மறுபடி பார்த்தார். நல்ல மனிதர், கேலி செய்யவில்லை, நிஜமாகவே யோசித்தார். "பிறந்தநாள் சடங்கல்ல என்று நாம் வாதாடலாம். அதற்கு ஒரு வருஷம் ஆகும். இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். செருகி வையுங்கள், பற்றவைக்காதீர்கள்."

"அவள் ஊதுவாளே."

"ஊதட்டும்" என்றார் வழக்கறிஞர். "ஊதுவதற்குத் தடை ஒன்றும் போடவில்லை."